மலையில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு: பயிற்சிக்கும் இடுப்புக்கும் தோட்டா தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் முறை

நீலகிரியில் துப்பாக்கி லைசென்ஸ் என்றால் பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய ஒற்றைக்குழல், இரட்டைக்குழல்தான் நினைவுக்கு வரும். ரிவால்வரோ பிஸ்டலோ வைத்திருப்பவர்கள் குறைவு. எஸ்டேட் பணம் கொண்டுபோகிறவர்கள், தனியான பங்களாவில் குடியிருப்பவர்கள், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வெலிங்டன் பக்கமே தங்கிவிட்டவர்கள் என்று ஒரு சிறு கூட்டம். கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான். இவர்கள் தோட்டாவைப் பற்றி இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்காவில் எழுதியது. "இடுப்பில் வைக்கப்போகும் தோட்டாவில் 200 சுட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்" என்பார்கள். நம் லைசென்ஸ்கள் பலவற்றில் ஒரு வருடத்துக்கு அனுமதித்த மொத்தக் கணக்கே அந்த அளவைத் தாண்டுவதில்லை.

ஆகவே நம் வேலை வேறு மாதிரி. பத்துக் கம்பெனி தோட்டாவை வாங்கி ஒப்பிடுவது இங்கே நடக்காது. ஒரே லாட்டில், அதாவது ஆலையில் ஒன்றாகத் தயாரித்து ஒரே எண் போட்ட தொகுதியில் இருந்து வாங்கி, அதில் ஒரு பங்கைச் சுட்டு, அந்த லாட்டுக்கு மட்டும் நாமே ஒரு நற்சான்று எழுதிக்கொண்டு, மீதியை ஈரம் படாமல் காப்பதுதான் நம்மால் முடிந்த சோதனை. ஒழுங்காகச் செய்தால் அது போதும்.

லைசென்ஸைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்

தோட்டா தேர்வு கடையில் தொடங்குவதில்லை, கலெக்டர் ஆபீஸில் கொடுத்த காகிதத்தில் தொடங்குகிறது. அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்தத் துளை அளவு (குழாயின் உள் விட்டம்) என்று எழுதியிருக்கிறது, ஒரே சமயத்தில் கையில் எத்தனை தோட்டா இருக்கலாம், வருடத்துக்கு மொத்தம் எத்தனை வாங்கலாம். நண்பருடைய லைசென்ஸில் இருக்கும் எண் உங்களுக்குச் செல்லாது.

2016 ஆயுத விதிகளின்படி, ராணுவம் போன்ற படைகளின் 9 மி.மீ., .45 தோட்டாக்களையும், .380, .455 விளிம்புத் தோட்டாக்களையும் போட்டுச் சுடக்கூடிய பிஸ்டல், ரிவால்வர்கள் தடைசெய்த துளை வகையில் வருகின்றன. சாதாரண லைசென்ஸுக்குக் கிடைப்பவை .32, .22, .25 போன்றவைதான். 9 மி.மீ. நல்லதா .45 நல்லதா என்ற உலகச் சண்டையை நாம் தூர நின்று வேடிக்கை பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, எந்தப் பகுதிக்குச் செல்லும் என்ற வரி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று இருக்கலாம், இந்தியா முழுவதும் என்றும் இருக்கலாம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நாடுகாணி தாண்டினால் கேரளா, கக்கநல்லா தாண்டினால் கர்நாடகா. மருந்து மாத்திரை வாங்க சுல்தான் பத்தேரி போய்வருகிற பழக்கத்தில் இடுப்பில் இருப்பதை மறந்துவிட்டால், சோதனைச் சாவடியில் அது ஆயுதச் சட்ட வழக்கு.

அதைவிடவும் மலைக்காரர்கள் கவனிக்காமல் விடுவது வனச் சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. முதுமலை அதற்குள் வருகிறது. பழனி மலையில் 2013-இல் அறிவித்த கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமும் அப்படித்தான். நீங்கள் தினம் போகிற சாலை இதன் எல்லைக்குள் வருகிறதா என்று வனத்துறையிடம் கேட்டுத் தெளிந்த பிறகு தோட்டாவைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டு '32' இருக்கிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெரும்பாலோர் கையில் இருப்பது .32. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு தனித்தனித் தோட்டாக்கள் இருக்கின்றன.

ஒன்று .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். 1896-இல் வந்த ரிவால்வர் தோட்டா. அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், 2014-இல் பெண்களுக்கென்று விளம்பரம் செய்து வெளியிட்ட நிர்பீக் எல்லாம் இதைத்தான் சுடும். மருந்து அடைத்த பித்தளைக் கூடு சுமார் 23 மி.மீ. நீளம், அடியில் நன்றாகத் துருத்திய விளிம்பு, தலையில் சுமார் 6.3 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. வேகம் நொடிக்கு 215 மீட்டரை ஒட்டி இருக்கும்.

இன்னொன்று .32 ஏசிபி. 7.65 மி.மீ. பிரவுனிங் என்பதும் இதுவே. ஜான் பிரவுனிங் தன் பிஸ்டலுக்காக வடிவமைத்தது. கூடு சுமார் 17 மி.மீ. மட்டும். விளிம்பு மிகக் குறைவாகத் துருத்தும். குண்டு 4.6 கிராம், செம்பு உறை போட்டது, வேகம் நொடிக்கு 275 மீட்டர் அளவில். அசானி பிஸ்டலுக்கு இதுதான்.

இரண்டின் கூடும் உடல் பருமனில் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் பிஸ்டல் தோட்டா ரிவால்வரின் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டதே என்று சுடக் கூடாது. அமெரிக்கத் தொழில்தரத்தின்படி லாங் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, ஏசிபிக்கு 20,500. குறைந்த அழுத்தத்துக்குச் செய்த ரிவால்வரில் கூடுதல் அழுத்தத் தோட்டாவைப் போட்டால் தோட்டா உட்காரும் சிலிண்டர் எத்தனை முறை தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கடையில் "32 இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். ரிவால்வருக்கு என்றும் லாங் என்றும் சொல்லிக் கேளுங்கள். 7.65 என்று கேட்பவர்களும் பிரவுனிங் என்று சேர்த்துச் சொல்வது நல்லது. 7.65 பாராபெல்லம் என்று நீளமான, வேறு ஒரு தோட்டாவும் உலகத்தில் இருக்கிறது.

.32 எஸ் அண்ட் டபிள்யூ என்று 'லாங்' இல்லாத குட்டைத் தோட்டா பழைய பெட்டிகளில் கிடைக்கும். அது லாங் ரிவால்வரில் பாதுகாப்பாகவே சுடும். ஆனால் குறி வேறு இடத்தில் விழும். பயிற்சிக்குக்கூட அதனால் பெரிய பயன் இல்லை.

.22 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சிக்கு அதுபோல் இல்லை. உதைப்பு இல்லை, விலையும் தாங்கும். ஆனால் அதன் பற்றுமருந்து கூட்டின் விளிம்புக்குள் சுற்றிப் பரவியிருப்பதால், அடியின் நடுவில் தனி ப்ரைமர் (பற்றுமருந்து அடைத்த சிறு குமிழ்) உள்ள தோட்டாவைவிடச் சுடாமல் போகும் வாய்ப்பு கூடுதல். அவசரத்துக்கென்று வைப்பதாக இருந்தால் கீழே சொல்லும் சோதனையை இரண்டு மடங்கு கண்டிப்போடு செய்யுங்கள்.

எந்த வடிவக் குண்டு

தலையில் குழி உள்ள, உடம்புக்குள் விரிகிற குண்டுகளைப் பற்றித்தான் வெளிநாட்டுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகப் பேசும். .32-இன் வேகத்தில் அந்த விரிதல் நம்பத்தக்கதில்லை. குழி துணியால் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் விரிந்து பாதியிலேயே நின்றுவிடும். ஏசிபி பிஸ்டலில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. குழிக்குண்டுத் தோட்டா நீளம் குறைந்ததாக இருப்பதால் தோட்டா அடுக்கும் மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பிஸ்டல் முழுதாக நின்றுவிடும், தட்டி இழுத்தாலும் சரியாகாது. எனவே நம் கடையில் கிடைக்கும் சாதாரண உருண்டைத்தலைக் குண்டே இந்தத் துளை அளவுக்குச் சரியான தேர்வு என்பது என் கருத்து. லாங் என்றால் ஈயம், ஏசிபி என்றால் செம்பு உறை.

இதனால் பயிற்சிக்கு ஒரு தோட்டா, இடுப்புக்கு ஒரு தோட்டா என்ற பிரிவே நமக்குத் தேவையில்லாமல் போகிறது. இரண்டுக்கும் ஒன்றே. அசைக்க முடியாத குறிமுள் உள்ள ரிவால்வரில் இது பெரிய லாபம். பயிற்சியில் பழகிய அதே இடத்தில் குண்டு விழும்.

உருண்டைத்தலைக் குண்டு எதிரே இருப்பதைத் துளைத்து அப்பாலும் போகும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். லைன் வீடுகளின் தகரக் கதவும் பலகைத் தடுப்பும் அதை நிறுத்தாது. ஈயக் குண்டு பாறையிலும் கெட்டித் தரையிலும் சாய்வாகப் பட்டால் தெறித்துத் திசை மாறும். நம் ஊரில் பாறை இல்லாத சரிவு ஏது?

யானை, காட்டெருமை, கரடிக்காக என்று யாராவது கேட்டால் என் பதில் சுருக்கமானது. .32 அதற்கில்லை. 150 ஜூலுக்குச் சற்று முன்பின்னான ஆற்றல் ஒரு காட்டெருமையைக் கோபப்படுத்த மட்டுமே உதவும். கோத்தகிரியில் தேயிலைக்குள் கரடி நின்றால் திரும்பி வேறு வழியாகப் போவதுதான் எல்லோரும் செய்வது, அதையே செய்யுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

புகையில்லா வெடிமருந்து குன்னூருக்குப் பக்கத்தில், அரவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தயாராகிறது. ஆனால் தோட்டாவை நீங்கள் லைசென்ஸ் உள்ள விற்பனையாளரிடம்தான் வாங்க முடியும். 2021 அக்டோபரில் அரசுத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, வெடிமருந்தும் தோட்டாவும் செய்கிற ஆலைகள் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பெயருக்குக் கீழே வந்தன. அரவங்காடும் அதில் ஒன்று, புனே பக்கத்தில் உள்ள கட்கி ஆலையும் ஒன்று. கூட்டின் அடியில் 'கேஎஃப்' என்ற முத்திரை இருந்தால் அது கட்கியில் செய்தது.

கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்ததும் மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் லாட் எண்ணையும் ஆண்டையும் பாருங்கள். நீங்கள் வாங்கும் எல்லாம் ஒரே லாட்டாக இருக்க வேண்டும். இரண்டு பெட்டி வாங்கினால் இரண்டும் ஒரே எண். உடைந்த பெட்டியில் இருந்து உதிரியாக எண்ணிக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அதில் எந்த வருடத்தது எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது, பிறகு செய்யும் சோதனைக்கும் அர்த்தம் இருக்காது. மறுபடி நிரப்பிய தோட்டா என்று யாராவது மலிவாக நீட்டினால் பேச்சையே நிறுத்திக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் அதைத் தயாரிப்பது குற்றம், எத்தனை மருந்து போட்டான் என்பது அவனுக்கே தெரியாது.

வாங்கியது லைசென்ஸில் பதிவாகிவிட்டதா என்று அங்கேயே சரிபார்த்து, ரசீதையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மேசை மேல் செய்யும் சோதனை

இதற்குத் துப்பாக்கி தேவையில்லை. அது பூட்டிய பெட்டியிலேயே இருக்கட்டும். நல்ல வெளிச்சம், பழைய வெள்ளைத் துணி, ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும்.

ஒவ்வொரு தோட்டாவையும் விரலில் உருட்டிப் பாருங்கள். கூட்டில் பச்சை பூத்திருக்கிறதா, வாய்ப்பகுதியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குண்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். உள்ளே இறங்கினாலோ சுழன்றாலோ அது தள்ளுபடி. அடுத்தது ப்ரைமர். கூட்டின் அடியை நகத்தால் வருடினால் ப்ரைமர் சம மட்டத்திலோ ஒரு மயிரிழை உள்வாங்கியோ இருக்க வேண்டும். வெளியே துருத்தியிருந்தால் ரிவால்வரின் சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும். தலைகீழாகவும் சாய்வாகவும் பதித்த ப்ரைமர் அபூர்வம்தான், ஆனால் கண்ணில் பட்டுவிடும்.

முழு நீளத்தையும் அளந்து எழுதுங்கள். லாங் தோட்டா அதிகபட்சம் 32.5 மி.மீ., ஏசிபி 25 மி.மீ. இந்த உச்சவரம்பைவிட, ஒரு பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் விஷயம். ஒரு தோட்டா மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாக இருந்தால் குண்டு உள்ளே அமுங்கியிருக்கிறது. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அதைத் தனியே வையுங்கள்.

தள்ளுபடி ஆனவற்றுக்கு ஒரு சிறு டப்பா. ஒரு பெட்டியில் இரண்டு மூன்றுக்கு மேல் தள்ளுபடி ஆனால் சுடப் போகாமல் கடைக்கே திரும்புங்கள்.

எங்கே சுடுவது

சொந்த எஸ்டேட்டில் சுட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தேயிலைச் செடி குண்டை நிறுத்தாது, ஆனால் கொழுந்து பறிப்பவரை நம் கண்ணில் இருந்து மறைத்துவிடும். மூடுபனி இறங்கினால் முப்பது மீட்டருக்கு அப்பால் யார் என்றே தெரியாது. காடு ஒட்டிய இடத்தில் வெடிச் சத்தம் கேட்டால் வனத்துறை வருவார்கள், வரவும் வேண்டும். அஜாக்கிரதையாகச் சுட்டுப் பிறருக்கு ஆபத்து விளைவித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ கிடைக்கலாம்.

ஆக, மலை இறங்க வேண்டும். நீலகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் ரைபிள் கிளப், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை ரைபிள் கிளப் கிட்டத்தில். உறுப்பினர் ஆவது எப்படி, கைத்துப்பாக்கிக்கு எந்த நாள், உங்கள் துளை அளவை அங்கே அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பயணத்தில் துப்பாக்கி காலியாக, தோட்டா வேறு பெட்டியில், லைசென்ஸ் அசல் கைப்பையில். கல்லாறு, பர்லியாறு சாவடிகளில் வண்டியைச் சோதித்தால் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.

மேலே ஊட்டி 2,240 மீட்டர், கீழே கோவை 400-ஐ ஒட்டி. மலையில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அப்படியானால் கீழே சோதித்தது மேலே செல்லுமா? செல்லும். பத்து மீட்டர் தூரத்தில் அந்த வித்தியாசம் உங்கள் கை நடுக்கத்தில் காணாமல் போய்விடும். குளிரில் மருந்து கொஞ்சம் மெதுவாக எரியும், அதுவும் கைத்துப்பாக்கித் தூரத்துக்குப் பொருட்டில்லை. கவலைப்பட வேண்டியது பனிநீர். உறைகுளிரில் இருந்த பெட்டியைக் கோவை வெக்கையில் உடனே திறந்தால் பித்தளை மேல் வியர்த்துவிடும். பெட்டி ஊர்ச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வைத்திருந்து, பிறகு திறவுங்கள்.

சுட்டுச் சோதிக்கும் முறை

காதுக் கவசமும் கண்ணாடியும் போட்டாயிற்று, ரேஞ்ச் (சுடுதள) அதிகாரி அனுமதி கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

ரிவால்வர் என்றால் முதலில் ஆறு அறையிலும் தோட்டாவை மெதுவாக விடுங்கள். தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். மூடிவிட்டு, குழாய் குறிப்பலகைப் பக்கமே இருக்க, சிலிண்டர் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிஸ்டல் என்றால் மேகசினில் ஏற்றும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்காரும்படி தள்ளி ஏற்றுங்கள். மேலே சொன்ன மாட்டிக்கொள்ளும் தொல்லை உருண்டைத்தலையிலும் எப்போதாவது வரும்.

பதினெட்டுத் தோட்டா, மூன்று சுற்று. முதல் சுற்று ஏழு மீட்டரில், மணல்மூட்டையில் கையை வைத்து, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிதானமாக. இது குறி எங்கே விழுகிறது என்று பார்க்க. ஆறு ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கினால் தோட்டா தன் வேலையைச் செய்கிறது. ஓட்டைகளின் மையம் நீங்கள் குறிவைத்த புள்ளியில் இருந்து எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் சுற்று விசையை மட்டும் இழுத்து. ரிவால்வர்க்காரர்கள் பலர் தவிர்ப்பது இதைத்தான், விசை கனமாக இருக்கும் என்பதால். ஆனால் அவசரத்தில் யாரும் சுத்தியலை இழுத்து வைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பல ரிவால்வர்களில் விசையால் சுடும்போது சுத்தியல் பின்னே போகும் தூரம் சற்றுக் குறைவு, அடியும் அந்த அளவுக்கு மெலிது. கெட்டியான ப்ரைமர் உள்ள லாட் என்றால் இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இப்போது முக்கியமான மூன்று கோளாறுகள்.

இழுத்தீர்கள், சத்தம் வரவில்லை. குழாயைக் குறிப்பலகைப் பக்கமே வைத்து முப்பது விநாடி அசையாமல் இருங்கள். பற்றவைப்பு தாமதமாகி வெடிக்கலாம். ரிவால்வரில் உடனே மறுபடி இழுத்தால் அந்தத் தோட்டா குழாய்க்கு நேரே இல்லாமல் பக்கத்துக்கு நகர்ந்த பிறகு வெடிக்கும், அது மகா ஆபத்து. காத்திருந்து வெளியே எடுத்த பிறகு ப்ரைமரில் விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவில். மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியின் சுருள்வில் தளர்ந்திருக்கிறது, துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.

சத்தம் வந்தது, ஆனால் 'புஸ்' என்று மெலிதாக, உதைப்பே இல்லாமல். உடனே நிறுத்துங்கள். குண்டு குழாய்க்குள் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழாய் வீங்கும் அல்லது பிளக்கும். காலி செய்து, குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

மூன்றாவது, வெற்றுக் கூடு வெளியே வர அடம்பிடிப்பது. அறை அழுக்காக இருக்கலாம், அழுத்தம் கூடுதலாகவும் இருக்கலாம். கூட்டில் வெடிப்போ, ப்ரைமர் தட்டையாகப் பரவியதோ தெரிந்தால் அந்த லாட்டையே ஒதுக்குங்கள்.

பதினெட்டில் ஒரு கோளாறுகூட இல்லை என்றால் அந்த லாட் தேர்வு. தோட்டாவின் குற்றமாக ஒன்று வந்தால் இன்னும் ஆறு சுடுங்கள். இரண்டாவது வந்தால் அந்த லாட் பயிற்சிக்கு மட்டும், இடுப்புக்கு இல்லை. பதினெட்டு என்பது கணித ரீதியாகப் பெரிய எண்ணில்லை என்று புள்ளியியல் படித்தவர்கள் சொல்வார்கள், சரிதான். நம் கோட்டாவுக்குள் அதற்கு மேல் செலவழித்தால் பயிற்சிக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஜெல்லி, ஈரத் தாள்கட்டு, தண்ணீர் கேன் என்று ஊடுருவலைச் சோதிக்கும் வேடிக்கையெல்லாம் நமக்கு வேண்டியதில்லை. மாற்றித் தேர்ந்தெடுக்க வேறு குண்டு கடையில் இல்லாதபோது அந்த விடையை வைத்து என்ன செய்வது?

வீட்டுக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயப் புகை படிந்திருக்கும். வெற்றுக் கூடுகளை எண்ணி எடுத்து வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது கணக்குக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

ஒரு வருடக் கணக்கு

உங்கள் லைசென்ஸ் வருடத்துக்கு மொத்தம் 50 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சோதனைக்குப் போனது. 12 இடுப்புக்கு, அதாவது துப்பாக்கியில் ஆறு, கூடுதலாக ஆறு. மீதி 20 வருடம் முழுக்கப் பயிற்சிக்கு. இருபது போதுமா என்றால் போதாது, ஆனால் பயிற்சியின் பெரும்பகுதி தோட்டா இல்லாமலே நடக்கும். டம்மித் தோட்டா போட்டு, குழாயை உறுதியான சுவர்ப் பக்கம் வைத்து, நிஜத் தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இல்லாமல், விசை இழுத்துப் பழகுங்கள். குறிமுள் ஆடாமல் சுத்தியல் விழும் வரை. அப்புறம் பத்து மீட்டர் காற்றுப் பிஸ்டல் இருக்கிறது. .177 துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. அதில் பழகிய விரல் .32-இலும் பேசும்.

இடுப்பில் இருக்கும் ஆறு தோட்டா

விதிப்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், வெளியே தெரியாமல், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். துப்பாக்கிக்கு உறை தோலாக இருக்கலாம். தோட்டாவைத் தோல் வாரில் செருகி வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் உள்ள அமிலம் பித்தளையைத் தின்று பச்சை பூக்கவைக்கும். தேவாலா, பந்தலூர் மழையில் அது சில வாரத்திலேயே தெரியும். கூடுதல் ஆறு பிளாஸ்டிக் டப்பாவிலோ துணிப் பையிலோ இருக்கட்டும்.

வீட்டில் வைப்பதற்கு ரப்பர் வாய் உள்ள இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், தனிப் பூட்டு. கணப்பு அடுப்புக்கு மேலேயும் வேண்டாம், ஈரச் சுவரை ஒட்டியும் வேண்டாம். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிலிக்காவை அடிக்கடி மாற்றுங்கள். தோட்டா மேல் எண்ணெய் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஊடுருவும் எண்ணெய் ப்ரைமர் ஓரமாக உள்ளே இறங்கிப் பற்றுமருந்தைக் கெடுத்துவிடும். துப்பாக்கியைத் துடைத்த எண்ணெய்த் துணியைக்கூடத் தோட்டாப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், அறைகளையும் உலர்த்தித் துடைத்த பிறகே ஏற்றுங்கள்.

பிஸ்டல்காரர்கள் இரவில் காலி செய்து காலையில் ஏற்றும்போது அதே மேல் தோட்டாவையே திரும்பத் திரும்ப அறைக்குள் அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் குண்டு சரிவில் மோதிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும். அதை மேகசினின் அடிக்கு மாற்றி மாற்றிப் போடுங்கள், மாதம் ஒருமுறை காலிப்பரில் அளந்து புதுத் தோட்டாவோடு ஒப்பிடுங்கள். ரிவால்வரில் சுத்தியல் தடுப்பு இல்லாத பழைய மாடல் என்றால் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்தோடு நடமாடுங்கள்.

இந்த முறையிலேயே எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது வருடாந்திர மாற்று. ஒரு மழைக்காலம் முழுக்க உங்கள் இடுப்பில் வியர்வையும் மூடுபனியும் பட்டுக் கிடந்த அந்தத் தோட்டாக்களை, அடுத்த தடவை ரேஞ்சுக்குப் போனதும் முதலில் சுடுங்கள். துடைக்காமல், தேர்ந்தெடுக்காமல், அப்படியே. பெட்டியில் இருந்து புதிதாக எடுத்துச் சுட்டதைவிட இந்த ஆறு சொல்லும் சேதி பெரிது. எல்லாம் வெடித்தால் உங்கள் சேமிப்பு முறை சரி. ஒன்று தவறினாலும் லாட்டைக் குறை சொல்லும் முன் பெட்டி, உறை, சிலிக்கா எல்லாவற்றையும் பாருங்கள். அந்த இடத்துக்குப் புது ஆறு. ஏற்றிய தேதியைச் சிறு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள்.

தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால் தோட்டாவையும் எண்ணிக் கொடுத்து எண்ணிக்கையோடு ரசீது வாங்குங்கள். திரும்பி வந்ததும் மேசைச் சோதனையை மறுபடி செய்யாமல் இடுப்பில் ஏற்ற வேண்டாம், எந்த அறையில் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பங்களா அலமாரியில் கிடக்கும் பழையவை

பழைய எஸ்டேட் வீடுகளில் தாத்தா காலத்துப் பிரிட்டிஷ் தோட்டாப் பெட்டி ஒன்று எங்காவது கிடக்கும். அழகாக இருக்கும், சுடாதீர்கள். மருந்து எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியில் இருந்து தெரியாது. பழைய ப்ரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்து மிஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஊட்டிக் குளிரில் ஒரே இரவில் குழாயைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

அந்தத் துளை அளவு உங்கள் லைசென்ஸில் இல்லை என்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அந்தப் பெட்டியையும், உங்கள் தள்ளுபடி டப்பாவில் சேர்ந்தவற்றையும், ரேஞ்சில் வெடிக்காமல் போனவற்றையும் உடைக்கவோ புதைக்கவோ அடுப்பில் போடவோ வேண்டாம். காவல் நிலையத்துக்கோ விற்பனையாளருக்கோ முதலில் போன் செய்து சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படைத்து, எத்தனை கொடுத்தீர்கள் என்று எழுத்தில் வாங்கி லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்.